ப்ராசஸரா, மெமரியா: ஆறு வயது கேமிங் கணினி ஒன்றுக்கு எதை மாற்றினோம், எதை விட்டோம்

முதலில் கணினியைப் பற்றி. ப்ராசஸர் ஏஎம்டியின் ரைசன் 5 2600. 2018 ஏப்ரலில் வந்த சிப், ஆறு கோர் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). மதர்போர்டு பி450 சிப்செட் உள்ளது, அதில் நாலு ராம் ஸ்லாட். டிடிஆர்4 ராம் 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, மொத்தம் 16 ஜிபி. ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருந்த லேபிளில் 3200 என்று அச்சாகியிருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் பிற்பாடு மாற்றியது: 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060. 550 வாட் பவர் சப்ளை, 1080பி தெளிவுள்ள 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸ் 11. கணினிக்குச் சொந்தக்காரன் என் அக்கா மகன், திருச்சியில் இன்ஜினீயரிங் படிக்கிறான்.

அவன் விளையாடுவது பெரும்பாலும் கவுண்டர் ஸ்ட்ரைக் 2. கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் ராத்திரியில் ஒன்றாக உட்கார்ந்து ஆடுவார்கள். இடையிடையே தனியாக சைபர்பங்க் 2077. அவன் சொன்ன குறை இது: "ஸ்மோக் போட்டு நாலு பேர் ஒண்ணா உள்ள வந்தா போதும் மாமா, படம் விக்குது. சும்மா நடந்தா நல்லாத்தான் இருக்கு." சைபர்பங்கிலும் அதே கதைதான். கட்டடத்துக்குள் இருக்கும்வரை ஒன்றும் இல்லை. கார் எடுத்துக்கொண்டு நகரத்தின் நடுவே போனால் திணறல்.

என்னிடம் வருவதற்கு முன்னால் ஒரு கடையில் காட்டியிருக்கிறான். ப்ராசஸர் பழசு, ராமும் பத்தாது, மொத்தமாக ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5-க்கு மாறிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதாவது புது போர்டு, டிடிஆர்5 ராம், புது ரைசன், அதற்கொரு கூலர். எஸ்டிமேட்டைப் பார்த்த அத்தான் பேசாமல் பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்தார். அந்தக் காசில் ஒரு நல்ல லேப்டாப்பே வாங்கிவிடலாம். கடைக்காரர் சொன்னதில் பாதி சரிதான், ப்ராசஸர் பழசு. ஆனால் அவர் எதையும் அளந்து பார்க்கவில்லை. இத்தனை பணம் போகிற விஷயத்தில் அளக்காமல் முடிவு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எது எதற்காகக் காத்திருக்கிறது

விளையாட்டில் திரையில் வரும் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு பேர் சேர்ந்து உருவாக்குகிறார்கள். யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே போகிறது, எந்தச் சுவர் உடைந்தது என்ற கணக்கையெல்லாம் ப்ராசஸர் போட்டு, எதை வரைய வேண்டும் என்ற உத்தரவைத் தயார் செய்கிறது. வரைவது கிராஃபிக்ஸ் கார்டு. இருவரில் மெதுவாக இருப்பவர்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறார். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி நொடி இருக்கிறது. இந்த மானிட்டர் காட்டக்கூடிய 165 வேண்டுமென்றால் வெறும் 6 மில்லி நொடி. அந்த ஆறுக்குள் ப்ராசஸர் தன் வேலையை முடிக்காவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கார்டாக இருந்தாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

இதைப் பார்க்கக் காசு எதுவும் வேண்டாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அதோடு வரும் ரிவாட்யூனர் இரண்டும் இலவசம். விளையாடும்போதே திரையின் மூலையில் கார்டின் உபயோகம் எத்தனை சதவீதம், ஒவ்வொரு திரெட்டின் உபயோகம், ஃபிரேம் டைம் (ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரம்) வரைபடம் எல்லாம் தெரியும்படி வைக்கலாம். பிறகு பதிவு செய்து ஒப்பிட கேப்ஃபிரேம்எக்ஸ் நல்ல கருவி. அளந்தபோது ஃபிரேம் எண்ணிக்கைக்கு எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க், விளையாட்டுக்குள் இருக்கும் உச்சவரம்பு இரண்டையும் எடுத்துவிட்டேன். அவை இருந்தால் கார்டு சும்மா இருப்பதுபோல் காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம்) அளவும் பார்த்தோம், சீராக இருந்தது. அதனால் இணைய இணைப்பின் மேல் பழி போட வழியில்லை. கேபினட்டைத் திறந்து தூசியை ஊதினோம். திருச்சி வெயிலில் ப்ராசஸர் சூடேறி வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அதுவும் இல்லை, வெப்பம் எண்பது டிகிரியைத் தொடவில்லை, வேகமும் இறங்கவில்லை.

கவுண்டர் ஸ்ட்ரைக்கில் சண்டை நடக்கும் நேரத்தில் கார்டின் உபயோகம் அறுபது சதவீதத்தை ஒட்டியே இருந்தது. சராசரி 115 ஃபிரேம் போல. அது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சராசரியை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மிக மோசமான ஒரு சதவீத ஃபிரேம்களின் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது 50-க்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. பையன் விக்கல் என்று சொன்னது இதைத்தான். சைபர்பங்கில் நகரத்து நடுவில் 50 ஃபிரேம் போல வந்து, நெரிசலில் 35 வரை இறங்கியது. அங்கேயும் கார்டு முழுதாக வேலை செய்யவில்லை.

உறுதி செய்துகொள்ள இன்னொரு சோதனை உண்டு. எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். தெளிவை 1080-இலிருந்து 720-க்கு இறக்கி, அதே இடத்தில் அதே மாதிரி ஓட்டிப் பார்ப்பது. கார்டுக்கு வேலை பாதிக்குமேல் குறைந்துவிடும். கார்டுதான் தடை என்றால் ஃபிரேம் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். இங்கே இம்மியும் ஏறவில்லை. தடை ப்ராசஸர் பக்கம்தான் என்பது அதோடு தீர்ந்தது.

பலர் இந்த இடத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "ப்ராசஸர் நாற்பது சதவீதம்தானே காட்டுகிறது, அது எப்படித் தடையாகும்" என்று கேட்பார்கள். பன்னிரண்டு திரெட் உள்ள சிப்பில் ஒரே ஒரு திரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். விளையாட்டின் முக்கியமான வேலை இரண்டு மூன்று திரெட்டில்தான் குவியும். அவை நிரம்பிவிட்டால் மீதி ஒன்பதும் சும்மா இருந்தாலும் பயனில்லை.

ப்ராசஸர் பக்கம் என்றால் ப்ராசஸர் மட்டும்தானா?

ப்ராசஸர் பக்கம் தடை என்று தெரிந்த உடனே புது ப்ராசஸர் வாங்கக் கிளம்பிவிடுவதுதான் வழக்கம். நான் அங்கே ஒரு நிமிஷம் நிறுத்துவேன். ப்ராசஸர் காத்திருப்பது பெரும்பாலும் மெமரிக்காகத்தான். வேண்டிய தகவல் ராமிலிருந்து வந்து சேரும்வரை கோர் எதுவும் செய்யாமல் நிற்கிறது. வெளியே இருந்து பார்த்தால் இதுவும் "ப்ராசஸர் தடை" என்றுதான் தெரியும். ஆகவே மெமரி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்காமல் ப்ராசஸரைக் குறை சொல்ல முடியாது.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் 2400 என்று இருந்தது. லேபிளில் 3200. இது மிகச் சாதாரணமாக நடப்பது. ராம் ஸ்டிக்கை மாட்டினால் போர்டு அதைப் பாதுகாப்பான அடிப்படை வேகத்தில்தான் ஓட்டும். விளம்பரத்தில் போட்ட வேகம் வேண்டுமென்றால் பயாஸுக்குள் (கணினி எழும்போதே போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருள்) போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நாம் இயக்க வேண்டும். ஏஎம்டி போர்டுகளில் சில நிறுவனங்கள் அதையே டிஓசிபி என்றும் ஏ-எக்ஸ்எம்பி என்றும் பெயர் வைத்திருக்கின்றன. இந்தக் கணினியில் ஆறு வருஷமாக யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்ததுதான் பெரியது. சிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளில் மெமரி பக்கத்தைப் பார்த்தால் ஒரே ஒரு சேனல்தான், அதாவது ராமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே ஒரே ஒரு பாதைதான் ஓடுகிறது என்று காட்டியது. இரண்டு ஸ்டிக் இருக்கும்போது எப்படி? பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ப்ராசஸரை ஒட்டிய முதல் இரண்டு ஸ்லாட்டில், பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் முதல் இரண்டும் ஒரு சேனல், அடுத்த இரண்டும் இன்னொரு சேனல். இரண்டு ஸ்டிக்கையும் ஒரே சேனலில் குத்திவிட்டால் அடுத்த சேனல் காலியாகவே கிடக்கும். ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும்.

கணக்குப் போட்டால் எவ்வளவு இழப்பு என்று தெரியும். ஒரு சேனலின் அகலம் 8 பைட். 2400 என்றால் நொடிக்கு 2400 மில்லியன் முறை தகவல் போகிறது என்று பொருள். 2400-ஐ 8-ஆல் பெருக்கினால் நொடிக்கு 19.2 ஜிபி. அதே ஸ்டிக்குகள் இரண்டு சேனலில் 3200-இல் ஓடினால் 51.2 ஜிபி. வாங்கிக் கொடுத்த காசில் பாதிக்கு மேல் இத்தனை வருஷமும் தூங்கிக்கொண்டிருந்தது.

ரைசனில் இன்னொரு விசேஷமும் உண்டு. சிப்பின் உள்ளே ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் பாதைக்கு இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்று பெயர். 2600-இல் அந்தப் பாதையின் வேகம் ராமின் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சிப்பில் ஆறு கோர்களும் மூன்று மூன்றாக இரண்டு குழுவாகப் பிரிந்திருக்கின்றன, ஆளுக்கு 8 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி). ஒரு குழுவில் இருக்கும் கோர் அடுத்த குழுவிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அந்தப் பாதை வழியாகத்தான் போக வேண்டும். ராம் மெதுவாக ஓடினால் கோர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் மெதுவாகிவிடுகிறது. பழைய ரைசன்களில் மெமரி வேகத்துக்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு இதுதான் காரணம்.

ஸ்டிக்குகளை இடம் மாற்றி, எக்ஸ்எம்பியை இயக்கினோம். விண்டோஸ் ஏறியது, விளையாட்டும் ஓடியது. ஆனால் ராத்திரி முழுக்க மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட விட்டதில் பிழைகள் வந்தன. ராம் கெட்டுப்போய்விட்டதென்று பையன் பயந்தான். அப்படியில்லை. மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதி ப்ராசஸருக்குள் இருக்கிறது. 2600-க்கு ஏஎம்டி உத்தரவாதம் தரும் உச்ச வேகம் 2933 மட்டும்தான். 3200 ஓடினால் அது நம் அதிர்ஷ்டம். 2933-க்கு இறக்கி மறுபடி சோதித்தோம், ஒரு பிழையும் இல்லை. இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. மெமரியில் எப்போதாவது வரும் ஒரு பிழை, விளையாட்டு தானாக மூடிக்கொள்வதோடு நிற்காது. சேமித்து வைத்த ஃபைலையும் கெடுத்துவிடும்.

பைசா செலவில்லாமல் கிடைத்தது என்ன? கவுண்டர் ஸ்ட்ரைக்கில் சராசரி 150-ஐத் தாண்டியது, மோசமான ஒரு சதவீதம் 70 பக்கம் வந்தது. சைபர்பங்கில் நகரத்து நெரிசலில் 35-ஆக இருந்தது 45-க்கு ஏறியது. பையனுக்கு இதுவே போதும் போல இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் கார்டின் உபயோகம் இன்னும் எழுபதுகளில்தான் இருந்தது. 720-இல் மறுபடி ஓட்டியும் எண்கள் நகரவில்லை. மெமரியைச் சரிசெய்த பிறகும் தடை அதே பக்கத்தில் இருக்கிறது என்றால், இப்போது ப்ராசஸரின் மேல் நியாயமாகக் கை வைக்கலாம்.

32 ஜிபி தேவையா

கடையில் "ராம் பத்தாது" என்று சொன்னதையும் பார்த்துவிட வேண்டும் அல்லவா. விளையாட்டு, டிஸ்கார்ட், பத்துப் பன்னிரண்டு டேப் திறந்த குரோம் எல்லாம் ஓடும்போது உபயோகம் 13 ஜிபி பக்கம். டாஸ்க் மேனேஜரில் "கமிட்டட்" என்றொரு எண் இருக்கும். எல்லா மென்பொருளும் சேர்ந்து கேட்டிருக்கும் மொத்த மெமரி அது. அது 16-ஐ வெகுவாகத் தாண்டி, ரிசோர்ஸ் மானிட்டரில் ஹார்ட் ஃபால்ட் (ராமில் இல்லாததை டிரைவிலிருந்து எடுக்கப் போவது) என்ற கோடு விளையாட்டு நடுவில் துள்ளிக்கொண்டே இருந்தால்தான் ராம் உண்மையிலேயே போதவில்லை என்று பொருள். இங்கே அந்தக் கோடு விளையாட்டு ஏறும்போது மட்டும் எழுந்து, பிறகு படுத்துவிட்டது.

அளவு போதாத ராமும் மெதுவாக ஓடும் ராமும் தருகிற தொல்லை வேறு வேறு. அளவு போதாவிட்டால் தகவல் எஸ்எஸ்டிக்குப் போய் வரும். அரை நொடி, ஒரு நொடி என்று படம் அப்படியே நின்றுவிடும். வேகம் போதாவிட்டால் அப்படி நிற்காது, எப்போதும் ஒரு திணறல் இருந்துகொண்டே இருக்கும். இந்தப் பையனுக்கு இருந்தது இரண்டாவது. 32 ஜிபி வாங்கி அதே தப்பான ஸ்லாட்டில் குத்தியிருந்தால் நிலைமையில் துளியும் மாற்றம் இருந்திருக்காது.

வாங்கும் நேரமும் சரியில்லை. 2025-இன் கடைசி மாதங்களில் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். க்ரூஷியல் என்ற பெயரில் நம் கடைகளில் பல வருஷமாகக் கிடைத்துவந்த மெமரி வியாபாரத்தை விட்டே விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. டிடிஆர்5 விலை ஏறியதோடு, டிடிஆர்4-ம் கூடவே ஏறியது. கையில் இருக்கும் நல்ல டிடிஆர்4 ஸ்டிக்குகளைத் தூக்கிப்போட்டுவிட்டு டிடிஆர்5 வாங்கச் சொல்வது இந்த நேரத்தில் எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்4 மாட்ட வழியே இல்லை. எஸ்டிமேட் அவ்வளவு பெரிதாக வந்ததற்கு ராமும் ஒரு முக்கியக் காரணம்.

எந்தச் சிப்

பி450 போர்டு வைத்திருப்பவர்கள் ஒரு வகையில் பாக்கியசாலிகள். 2020 மே மாதத்தில் ரைசன் 5000 வரிசை இந்தப் போர்டுகளில் ஓடாது என்று ஏஎம்டி அறிவித்தது. உபயோகிப்பாளர்கள் கொதித்து எழுந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. அன்று அவர்கள் சத்தம் போட்டதன் பலனை இன்றைக்கு லட்சக்கணக்கான பழைய கணினிகள் அனுபவிக்கின்றன. 2018-இல் வந்த போர்டில் ஒரு பயாஸ் அப்டேட் போட்டு, இரண்டு தலைமுறை தாண்டிய சிப்பை மாட்ட முடிகிறது. இன்டெல் பக்கம் பெரும்பாலும் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டே மாறிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எங்கள் முன் இருந்தவை மூன்று: ரைசன் 5 5600, ரைசன் 7 5700எக்ஸ்3டி, இல்லையென்றால் கடைக்காரர் சொன்ன ஏஎம்5.

5600 என்பது 2022 ஏப்ரலில் வந்த ஆறு கோர் சிப். கோர் எண்ணிக்கை பழையதற்குச் சமம்தான். "ஆறுக்கு ஆறு மாத்தி என்ன பிரயோஜனம்?" என்று அத்தான் கேட்டார், நியாயமான கேள்வி. மாறியது உள்ளே. ரைசன் கோர்களின் வடிவமைப்புக்கு ஜென் என்று பெயர், 5600-இல் இருப்பது ஜென்3. ஒரே கடிகார வேகத்தில் செய்யும் வேலை, ஏஎம்டி சொன்ன கணக்கில், ஜென்2 வந்தபோது 15 சதவீதமும் ஜென்3 வந்தபோது மேலும் 19 சதவீதமும் கூடியது. உச்ச வேகமும் 3.9 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4 ஆனது. எல்லாவற்றையும்விட முக்கியம், மூன்று மூன்றாகப் பிரிந்திருந்த கோர்கள் ஒரே குழுவாகி, 32 எம்பி எல்3 கேஷை ஆறும் பொதுவில் பயன்படுத்துகின்றன. பழையதில் ஒரு கோருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது 8 எம்பி. இப்போது 32. கேஷ் பெரிதாக இருந்தால் ராம் வரைக்கும் போய் நிற்க வேண்டிய தேவை குறைகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டுகளுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை.

5700எக்ஸ்3டி அதே தத்துவத்தை இன்னும் தூரம் கொண்டுபோகிறது: எட்டு கோர், சிப்பின் மேல் இன்னொரு அடுக்கு கேஷை ஒட்டி மொத்தம் 96 எம்பி. 2024 ஜனவரியில் வந்தது. பையனின் கண் இதன் மேல்தான் இருந்தது. அவன் ஆசையில் தப்பில்லை, பழைய போர்டில் போடக்கூடிய விளையாட்டுச் சிப்களில் 5800எக்ஸ்3டிக்கு அடுத்தபடி இதுதான். ஆனால் 5800எக்ஸ்3டி தயாரிப்பு நின்றுவிட்டது. 5700எக்ஸ்3டியும் கடைகளில் அரிதாகிவிட்டது. கிடைக்கும் இடத்தில் விலை நியாயமாக இல்லை, பழையதை வாங்கினால் வாரன்டி கேள்விக்குறி. அதோடு அதற்குக் கூலர் தருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். 5600 கூலரோடு வருகிறது. சைபர்பங்கில் 3060-தான் எப்படியும் எல்லைக்கோடு, எக்ஸ்3டி வந்தாலும் அங்கே கூடுதலாக எதுவும் கிடைக்காது. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் கிடைக்கும். ஆனால் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் காட்டக்கூடியதற்கு மேல் சராசரியை 5600-ஏ கொடுத்துவிடும் என்று தெரிந்தது. போட்டிகளில் ஆடுபவனாக இருந்து, 240 ஹெர்ட்ஸ் மானிட்டரும் இருந்திருந்தால் நானே எக்ஸ்3டி தேடிக் கிளம்பியிருப்பேன்.

ஏஎம்5 பற்றி என் அபிப்பிராயம்: போர்டு, ராம், ப்ராசஸர் மூன்றையும் புதிதாக வாங்குபவருக்கு அது சரியான இடம். பாதிக்கும் மேல் நல்ல சாமான் கையில் இருப்பவருக்கு, அதுவும் இந்த மெமரி விலையில், அவசரமே இல்லை.

கடையில் கவனிக்க வேண்டிய ஒன்று. 5600 கேட்டால் "5500 இருக்கு, 5600ஜி இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்" என்று எடுத்துக் கொடுப்பார்கள். ஒன்று கிடையாது. அந்த இரண்டும் லேப்டாப்புக்காக வடிவமைத்த சிப்பிலிருந்து வந்தவை, எல்3 கேஷ் 16 எம்பிதான். 4500 என்று இன்னும் மலிவாக ஒன்று கிடைக்கும், அதில் வெறும் 8 எம்பி. நாம் காசு கொடுப்பதே அந்தக் கேஷுக்காகத்தான். பெட்டியின் மேல் 5600 அல்லது 5600எக்ஸ் என்று இருப்பதைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். எக்ஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் மிகக் கொஞ்சம், விலை குறைந்ததை எடுக்கலாம்.

மாற்றிய விதம்

சிப்பை மாட்டுவதற்கு முன்னால் பயாஸ். பழைய பயாஸுக்குப் புது சிப்பை அடையாளம் தெரியாது, எனவே 2600 உள்ளே இருக்கும்போதே அப்டேட்டை முடித்துவிட வேண்டும். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் நம் மாடலுக்கு நேரான பக்கத்தில், எந்தப் பதிப்பிலிருந்து 5600 ஓடும் என்று பட்டியல் இருக்கும். மிகப் பழைய பயாஸ் என்றால் நடுவில் ஒரு பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் புதியதற்குப் போக முடியும் என்று சில போர்டுகளுக்கு எழுதியிருப்பார்கள், அதைப் படிக்க வேண்டும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, பயாஸுக்குள்ளிருந்தே ஏற்றினோம். யுபிஎஸ் இல்லாமல் இதை நம் ஊரில் யாரும் செய்ய வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம்.

அதற்கும் முன்னால் இன்னொன்று, இதைப் பலர் சொல்வதில்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் பாதுகாப்பு (ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் பகுதி) ஏஎம்டி கணினிகளில் ப்ராசஸரோடு சேர்ந்தே இருக்கிறது. ப்ராசஸரை மாற்றினால் அந்தச் சாவிகள் போய்விடும். புது சிப் மாட்டி முதல்முறை இயக்கும்போது எஃப்டிபிஎம்-ஐ (ப்ராசஸரோடு வரும் அந்த டிபிஎம்) புதிதாக ஆரம்பிக்கலாமா என்று திரையில் கேட்கும். விண்டோஸின் பூட்டான பிட்லாக்கரில் டிரைவ் பூட்டியிருந்து, ரெக்கவரி கீ கையில் இல்லையென்றால், டிரைவில் உள்ள அத்தனையும் பூட்டுக்குள்ளேயே தங்கிவிடும். ப்ராஜெக்ட், போட்டோ எல்லாம் அதில்தான் இருந்தது. கீயை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரையும் நிறுத்திவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டோம்.

ஏஎம்4 (2600, 5600 இரண்டும் பொருந்தும் சாக்கெட்) சிப்களில் ஊசிகள் சிப்பின் அடியில் இருக்கும், மொத்தம் 1331. கூலரை நேராக மேலே இழுத்தால், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் பிடித்துக்கொண்டு சிப்பையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஊசி வளைந்தால் பழைய சிப்பை விற்கவும் முடியாது. கொஞ்ச நேரம் விளையாட்டை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, கூலரை இப்படியும் அப்படியும் லேசாகத் திருகி, பிடி விட்ட பிறகு தூக்கினோம். அலுங்காமல் வந்தது.

பயாஸ் அப்டேட் செய்தால் எக்ஸ்எம்பி அமைப்பு பழையபடி அணைந்துவிடும். அதை மறந்துவிட்டு "புது ப்ராசஸர் போட்டும் ஒன்றும் தெரியவில்லையே" என்று புலம்பும் ஆட்கள் நிறைய. இந்த முறை 3200-ஐயே வைத்தோம், 5600-க்கு அது ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம். அதே ஸ்டிக்குகள், அதே போர்டு, மெம்டெஸ்ட்டில் ஒரு பிழைகூட இல்லை. ராமின் மேல் வந்த சந்தேகம் முழுதாக நீங்கியது அப்போதுதான். ப்ராசஸரும் மெமரியும் தனித்தனிச் செலவாகத் தெரிந்தாலும் ஒரே முடிவாகத்தான் எடுக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். புது ப்ராசஸர் போட்டதில் பழைய ராமே வேகமாகிவிட்டது.

கூடவே ரீசைசபிள் பார் என்ற வசதியையும் பயாஸில் இயக்கினோம். ப்ராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே வீச்சில் எட்ட இது வழிவிடுகிறது. என்விடியாவின் பட்டியலில் 2600 இல்லை, 5600 இருக்கிறது. எல்லா விளையாட்டிலும் பலன் தராது, சிலவற்றில் சில ஃபிரேம் கூடும்.

பிறகு

கவுண்டர் ஸ்ட்ரைக்கில் சராசரி 230-ஐச் சுற்றி, மோசமான ஒரு சதவீதம் 110-க்கு மேல். ஸ்மோக்குக்குள் நாலு பேர் வந்தாலும் ஃபிரேம் டைம் கோடு கிட்டத்தட்ட தட்டையாகப் போனது. சைபர்பங்கில் நகரத்து நடுவே 70-ஐத் தாண்டியது, கார்டின் உபயோகம் 97, 98 சதவீதம். எனக்கு மிகவும் பிடித்த எண் அந்த 97-தான். இப்போது காத்திருப்பது ப்ராசஸர், ஓடுவது கார்டு. தெளிவை 720-க்கு இறக்கிப் பார்த்தால் ஃபிரேம் உடனே ஏறுகிறது.

செலவு 5600-இன் விலை மட்டும், பத்தாயிரம் ரூபாயை ஒட்டி. பழைய 2600-ஐ அவன் வகுப்புத் தோழன் ஒருவன் வாங்கிக்கொண்டான், அவனிடம் நாலு கோர் ரைசன் இருந்தது. அந்தப் பணம் தெர்மல் பேஸ்டுக்கும் ஒரு கேஸ் ஃபேனுக்கும் போனது.

32 ஜிபி பேச்சை மூடிவிடவில்லை. அவன் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போலக் கனமான ஒன்றை ஆரம்பித்தாலோ, படிப்புக்காக வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் என்று போனாலோ கமிட்டட் எண் ஏறும். அப்போது இருக்கும் இரண்டையும் கழற்றிவிட்டு 16 ஜிபி ஸ்டிக் இரண்டு கொண்ட ஒரே கிட்டாக வாங்கச் சொல்லியிருக்கிறேன். வேறு கம்பெனி ஸ்டிக் இரண்டைக் காலி ஸ்லாட்டில் சேர்த்து நாலாக்கினால் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும், 3200 நிலைக்காமல் போக வாய்ப்பு உண்டு.

கார்டு மாற்றும் காலம் வந்தால் இந்தப் போர்டில் ஒரு வரம்பு இருக்கிறது: கார்டையும் ப்ராசஸரையும் இணைக்கும் பாதையான பிசிஐஇ-இல் பி450 தருவது 3.0 மட்டும். 3060 அந்தப் பாதையின் பதினாறு லேனும் (தடம்) உபயோகிக்கும் கார்டு என்பதால் இதுவரை அது உறைக்கவில்லை. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி எட்டு லேன் மட்டுமே உள்ள கார்டுகளில், அதுவும் கார்டின் மெமரி நிரம்பி வழியும்போது, 3.0 வேகம் இழுத்துப் பிடிக்கும். எனவே அடுத்த கார்டு தேர்ந்தெடுக்கும்போது எத்தனை லேன் என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவரை சைபர்பங்கில் நிழலின் தரத்தை ஒரு படி இறக்கி விளையாடிக்கொண்டிருக்கிறான்.